குளத்து மீன்பாசிக்கு 4,000 ரூபாய் கூடுதல்: என்ன செய்யலாம்?

குளத்தின் மீன்பாசியை, அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் உங்களிடம் இவ்வாண்டு 4,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள், இது உரிமக் கட்டண உயர்வா என்று எழுதியிருந்தீர்கள். அது உரிமக் கட்டண உயர்வாக இருக்க வாய்ப்பில்லை. ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்ட ஆண்டு உயர்வாகத்தான் இருக்கும். சென்ற ஆண்டு 40,000, இவ்வாண்டு 44,000 என்கிறீர்கள். கூடுதல் சரியாக 10 விழுக்காடு.

ஒப்பந்தத்தையும் ஏல அறிவிப்பையும் எடுத்து அந்த விதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குளம் யாருடையதோ அவர்களிடம், ஊராட்சி ஒன்றியமோ நீர்வளத்துறையோ கோயிலோ, எழுத்து மூலம் கணக்குக் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

விதி இருந்தாலும் தண்ணீரைக் காரணம் காட்டிக் குறைப்புக் கேட்பது நியாயமே. குத்தகைக்குக் கணக்கிடும் பசலி ஆண்டு, அதாவது வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு, ஜூலை 1-இல் தொடங்கிவிடுகிறது. ஆனால் 2024-இல் மேட்டூர் அணை ஜூலை 28-இல்தான் திறக்கப்பட்டது. கடைமடைக் குளத்துக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை குஞ்சு விடவே முடியாத நிலையில், வெறுங்குளத்துக்கும் முழுக் குத்தகையைச் சுமப்பவருடைய வேதனை எனக்குப் புரிகிறது. வறண்ட குளத்தின் தேதியிட்ட படங்களை மனுவுடன் இணையுங்கள்.

குறைப்புக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல இயலாது. ஆகவே தவணையை நிறுத்தாமல், ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டுச் செலுத்துங்கள். தவறினால் குத்தகையே ரத்தாகக்கூடும்.

கொக்கு, மடையான் பிடிக்கும் உரிமத்துக்கு ஒருவர் பணம் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்த வேட்டை உரிம முறை 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கிவிட்டது. பிடிபட்டால் சிறைத்தண்டனை உண்டு.