ஃபாக்லாந்தைப் பிரிட்டனால் இன்றும் காக்க முடியுமா?

முடியும், ஓடுபாதை கையில் இருக்கும்வரை. காப்பது என்றால் எதிரி கரையிறங்கும் முன்பே தடுப்பது. பறிபோனபின் மீட்பது வேறு வேலை. தென் அட்லான்டிக்கில் பிரிட்டன் ஆளும், அர்ஜென்டினா உரிமை கோரும் இத்தீவுகள் அதன் கரையிலிருந்து சுமார் 500 கி.மீ., பிரிட்டனிலிருந்து ஏறத்தாழ 13,000 கி.மீ. தூரம்தான் சிக்கலே. 1982-இல் அர்ஜென்டினா இத்தீவுகளைப் பிடித்தது; பிரிட்டன் போரிட்டு மீட்டது. அப்போது நடு அட்லான்டிக்கில் உள்ள அசென்ஷன் தீவிலிருந்து ஒரேயொரு வல்கன் விமானம் போய்க் குண்டுவீசித் திரும்ப, எரிபொருள் கொடுக்க 11 விக்டர் விமானங்கள் தேவைப்பட்டன. அட்லான்டிக் கன்வேயர் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் தாக்கப்பட்டு, துருப்புகளைச் சுமக்கும் மூன்று சினூக் ஹெலிகாப்டர்கள் அழிந்ததும், வீரர்கள் பெரும்பாலும் மூட்டை சுமந்து நடந்தார்கள்.

வெளியூர்க்காரர் சொந்த ஊர் மனையைக் காப்பது போலத்தான்: ஆக்கிரமித்தவரை வெளியேற்றுவதைவிட வேலி போடுவது மலிவு. அந்த வேலி, 1985-இல் திறந்த மவுண்ட் பிளசன்ட் விமானத் தளம். டைஃபூன் போர் விமானங்கள் அங்கே நிற்கின்றன. கூடுதல் துருப்புகளும் நேரே வந்திறங்கலாம்.

விமானந்தாங்கிக் கப்பல் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 1982-இல் அவை போய்ச்சேரவே மூன்று வாரங்களுக்கு மேல் ஆனது.