கடல்நீரில் நனைந்த படகு ஒயரிங்: காய்ந்துவிட்டால் போதுமா?

கேள்வி: எங்கள் பாய்மரப் படகில் கடல்நீர்க் குழாய் ஒன்று கழன்று, ஓரிரவு முழுவதும் உள்ளே தண்ணீர் நின்றுவிட்டது. பேட்டரிகள், சுவிட்ச் பலகையின் கீழ்ப்பகுதி, விஎச்எஃப் ரேடியோ (கடலில் பிற படகுகளுடனும் கரையுடனும் பேச உதவும் கருவி) ஆகியவை மூழ்கின. மூன்று நாள் காயவைத்த பிறகு விளக்குகள் எரிகின்றன. ரேடியோ மட்டும் இயங்கவில்லை. 12 வோல்ட் ஒயரிங் முழுவதையும் மாற்ற வேண்டுமா?

பதில்: முழுவதையும் மாற்ற வேண்டியிராது. ஆனால் விளக்கு எரிவதை நல்ல அறிகுறியாகக் கொள்ளாதீர்கள். ஈரம் காய்ந்தாலும் உப்பு அங்கேயே இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, அருகருகே உள்ள டெர்மினல்களுக்கு (ஒயர் முனையை இணைக்கும் உலோகத் துண்டுகளுக்கு) இடையே மின்சாரம் கசிய வழிவிடும். அவ்வாறு கசியும் மின்னோட்டம் பாசிட்டிவ் பக்கத்துச் செம்பை நாள்தோறும் கரைத்துக்கொண்டே இருக்கும். எனவே இன்றே மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஏனெனில் படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் தானியங்கிப் பில்ஜ் பம்ப் பெரும்பாலும் பேட்டரியிலிருந்து நேராக இணைக்கப்பட்டிருக்கும்; சூரியத் தகட்டின் மின்சாரமும், கரையிலிருந்து கேபிள் வழியே எடுக்கும் கரை மின்சாரமும் தனித்தனியே உள்ளே வரும். கரை மின்சாரத்தை முதலில் பிடுங்கிவிட்டு, சூரியத் தகட்டையும், பிறகு பேட்டரியின் நெகட்டிவ் கேபிளையும் கழற்றுங்கள்.

பேட்டரிகளை மீண்டும் சார்ஜ் செய்ய வேண்டாம். திறக்கக்கூடிய மூடிகள் கொண்ட ஈய அமில பேட்டரிக்குள் கடல்நீர் புகுந்திருந்தால், சார்ஜ் ஏறும்போது நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள் பெரிதும் அஞ்சிய ஆபத்துகளுள் இதுவும் ஒன்று. லித்தியம் பேட்டரியாக இருந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு என்பதால், அதைப் படகிலிருந்து திறந்தவெளிக்கு அகற்றுவது உத்தமம். எந்த வகையானாலும் மூழ்கிய பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

ஒயர்களில்தான் உண்மையான வேலை இருக்கிறது. படகு ஒயர் பல மெல்லிய இழைகளால் ஆனது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்த இழைகள் அறுபட்ட முனையிலிருந்து கடல்நீரை உறைக்குள் இழுத்துக்கொள்ளும். ஆகவே வெளியுறை பளபளப்பாக இருப்பதில் பொருளில்லை. நீரில் இருந்த ஒவ்வொரு முனையிலும் டெர்மினலை வெட்டி எறிந்து, உறையைச் சிறிது உரித்துப் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சைக் களிம்பேறியோ இருந்தால், பளிச்சென்ற செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். ஒரு முழம் கடந்தும் கறுப்பு தொடர்ந்தால் அந்த ஒயரை முழுதாக மாற்றிவிடுவது நேரத்தையும் மிச்சப்படுத்தும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரில் இந்தச் சேதம் குறைவாக இருக்கும். புதிய டெர்மினல்களை அழுத்திப் பொருத்தி, உட்புறம் பசையுள்ள, சூடுபட்டால் சுருங்கும் குழாயால் மூடுங்கள். ஈயப்பற்று (சால்டரிங்) மட்டும் வைத்து நிறுத்திவிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. பற்று முடியும் இடத்தில் ஒயர் விறைத்து, அலையின் அதிர்வில் அங்கேயே ஒடியும்.

சுவிட்ச் பலகையைக் கழற்றி நன்னீரில் அலசி, காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை கழுவி உலர்த்தலாம். நனைந்த ஃபியூஸ்களையும் பிரேக்கர்களையும் கழுவிப் பயன்படுத்த வேண்டாம், புதிதாக வாங்குங்கள். கரை மின்சாரப் பக்கத்தில் நனைந்த எதையும் தகுதியுள்ள மின்பணியாளர் பார்க்காமல் இணைக்கக் கூடாது.

எல்லாம் முடிந்தபின் மல்டிமீட்டரால் சோதியுங்கள். ஆனால் சுமையில்லாமல் அளப்பது ஏமாற்றும்: ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட்டை முழுதாகக் காட்டும். பம்பையோ விளக்கையோ ஓடவிட்டு, பேட்டரியிலும் கருவியின் முனையிலும் அளந்து ஒப்பிடுங்கள். பில்ஜ் பம்புக்கும் வழிகாட்டி விளக்குகளுக்கும் 3 சதவீதத்திற்கு மேல், அதாவது ஏறத்தாழ 0.36 வோல்ட்டுக்கு மேல், குறையக் கூடாது. அறை விளக்குகளுக்கு 10 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

ரேடியோவைப் பொறுத்தவரை நம்பிக்கை குறைவு. நனைந்த அன்றே மின்சாரம் கொடுக்காமல் திறந்து, நன்னீரிலும் பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலும் கழுவியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்புண்டு. அரிசியில் புதைத்து வைப்பதால் உப்பு போகாது. இப்போதும் கழுவிப் பார்க்கலாம். ஆனால் பிழைத்தாலும் அதை உதிரியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆபத்தில் உதவி கேட்கும் கருவியை ஐயத்துடன் கடலுக்கு எடுத்துச் செல்ல முடியாது. புதிய ரேடியோவை மாட்டும் முன் ஆன்டெனா கேபிளின் முனையையும் உரித்துப் பாருங்கள்; உறைக்குள் இருக்கும் கம்பிப் பின்னல் கறுத்திருந்தால் முழுக் கேபிளும் மாற வேண்டும். ஒரு மாதம் கழித்து நான்கைந்து இணைப்புகளைத் திறந்து பார்த்து, எங்காவது புதிதாகப் பச்சை தெரிந்தால் அந்தச் சுற்றை மீண்டும் வெட்டிப் பாருங்கள்.