மாலை உச்ச நேரத்துக்கு மொட்டைமாடி சோலார் போதுமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாலை 6 முதல் 10 மணி வரை மின்தேவை 60 கிலோவாட்டைத் தொடுகிறது. ஒப்பந்த மின்சுமை 40 கிலோவாட்தான். மீதிக்கு டீசல் ஜெனரேட்டரை ஓட்டுகிறோம். "50 கிலோவாட் சோலாரும் 50 கிலோவாட் பேட்டரியும் வைத்தால் ஜெனரேட்டரையே விற்றுவிடலாம்" என்கிறார் ஒரு முகவர். நம்பலாமா? - குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர்.

பதில்: அன்றாட டீசல் செலவை நிறுத்த முடியும். ஆனால் முகவர் சொல்லும் கணக்கை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஜெனரேட்டரையும் விற்காதீர்கள்.

சூரியன் மறைந்தபின் சோலார் பேனல் எதுவும் தராது. உங்கள் சிக்கல் முழுவதும் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆகவே உங்கள் மாலையைக் காப்பாற்றப்போவது பேட்டரி. அதற்குப் பகலில் தீனி போடுவதே பேனலின் வேலை.

"50 கிலோவாட் பேட்டரி" என்ற சொல்லில்தான் பொறி இருக்கிறது. ஒரே நேரத்தில் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதைத்தான் கிலோவாட் காட்டும். எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை அறிய யூனிட் கணக்கு வேண்டும்; ஒரு கிலோவாட் சுமை ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2017இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேலில் அமைந்த பேட்டரி நிலையத்தை உலகமே '100 மெகாவாட்' என்று பேசியது. அப்போது அதன் கொள்ளளவு 129 மெகாவாட் மணி (ஒரு மெகாவாட் மணி என்பது ஆயிரம் யூனிட்). முழு வேகத்தில் கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். மின்கட்டமைப்பின் தள்ளாட்டத்தைச் சில நொடிகளில் சரிசெய்ய அது அருமையான கருவி. உங்களுக்கு வேண்டியதோ 4 மணி நேரம்.

உங்கள் பற்றாக்குறை 20 கிலோவாட். நான்கு மணி நேரமும் அது நீடித்தால் 80 யூனிட். பேட்டரியை அடியோடு காலி செய்யக் கூடாது. மின்சாரத்தைச் சேமித்து மாற்றித் தருவதில் கொஞ்சம் இழப்பும் உண்டு. வயதாக ஆகக் கொள்ளளவும் சுருங்கும். எனவே 110 முதல் 120 யூனிட் கேட்க வேண்டியிருக்கும். முகவரின் விலைப்புள்ளியில் யூனிட் என்ற சொல்லே இல்லாமல் இருந்தால் அதை அப்படியே திருப்பிக் கொடுங்கள். இன்வெர்ட்டரின் திறனைப் பேட்டரியின் திறனாகக் காட்டி விற்பது இந்தத் தொழிலில் அன்றாடம் நடக்கிறது. மின்வாகனங்களிலிருந்து கழற்றிய பழைய செல்களைப் புதுப் பெட்டியில் அடைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். உற்பத்தி தேதியும் வரிசை எண்ணும் எழுத்தில் வரட்டும். உத்தரவாதம் பேட்டரி தயாரித்த நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். முகவரின் கடை நாளை இருக்குமா என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் அந்த 80 யூனிட்டும் உண்மையிலேயே வேண்டுமா? தண்ணீர் மோட்டார் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று பாருங்கள். மாலை 6 மணிக்கு என்றால் அதை மதியத்துக்கு மாற்றுங்கள். நிரம்பிய மேல்நிலைத் தொட்டியும் ஒரு பேட்டரிதான். மலைமேல் நீரேற்றி, உச்ச நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையங்களின் தத்துவமும் இதுவே; வேல்ஸில் 1984இல் திறக்கப்பட்ட டினோர்விக் இன்றும் அப்படித்தான் பிரிட்டனின் உச்சத் தேவைக்குக் கைகொடுக்கிறது. மின்கார் ஒன்று சார்ஜ் ஏற 7 கிலோவாட் இழுக்கும். இரண்டு கார்களை இரவு 11 மணிக்குத் தள்ளினாலே உங்கள் பற்றாக்குறையில் பெரும்பகுதி போய்விடும். இதை எந்த முகவரும் சொல்ல மாட்டார். அதில் அவருக்குக் கமிஷன் கிடையாது.

ஜெனரேட்டரை ஏன் விற்கக் கூடாது என்கிறேன்? தீயணைப்புப் பம்புக்காக. நேரடியாக இயக்கப்படும் மோட்டார், கிளம்பும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். 15 கிலோவாட் பம்ப் கூட 50 கிலோவாட் இன்வெர்ட்டரைத் துண்டித்துவிடக்கூடும். அதைவிட முக்கியம், தீ உங்கள் பேட்டரியின் நேரம் பார்த்து வராது. இரவு 10 மணிக்குப் பேட்டரி வடிந்து கிடக்கும்போது மின்சாரமும் போய், ஏழாவது மாடியில் புகை கிளம்பினால் என்ன செய்வீர்கள்? ஜெனரேட்டர் இருக்கட்டும். மாதம் ஒருமுறை சுமையோடு ஓட்டிப் பாருங்கள். அதற்கு ஆகும் டீசலைப் பற்றிக் குற்றவுணர்வு வேண்டாம்.

இத்தனை கணக்கையும் ஒரு குடியிருப்போர் சங்கம் தனியாகப் போட வேண்டியிருப்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது. பல மின்கட்டமைப்புகளில் மதியம் சோலார் உபரியாகி, உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறார்கள். அதே நாள் மாலையில், ஆண்டுக்குச் சில நூறு மணி நேரமே ஓடும் எரிவாயு நிலையங்களைக் கிளப்புகிறார்கள். மதியத்துக்குக் குறைந்த கட்டணம், மாலைக்குக் கூடிய கட்டணம் என்று வைத்தால் மக்களே சுமையை மாற்றிவிடுவார்கள். எந்த நேரத்திலும் ஒரே கட்டணம் என்றால் யாருக்கு அக்கறை வரும்?

முதலில் பிரதான மின்பலகையில் பதிவுக் கருவி ஒன்றைப் பொருத்தி, இரண்டு வாரங்களுக்குக் கால் மணி நேர வாரியாகச் சுமையைப் பதிவு செய்யுங்கள். மோட்டாரையும் கார் சார்ஜையும் மாற்றிய பிறகு இன்னும் இரண்டு வாரங்கள் பதிவு செய்யுங்கள். எஞ்சும் பற்றாக்குறைக்கு மட்டும் பேட்டரி கேளுங்கள். அதுவரை முன்பணம் தர வேண்டாம்.