கோடை முடியும் நேரத்தில் வீட்டுப் பூந்தோட்டத்தில் ரசிக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டுவிடலாமா?

டைல்ஸ் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். இல்லையென்றால் படித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன்.

கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை, ரோஜா கருகிவிட்டது, செம்பருத்தி மொட்டிலேயே உதிர்கிறது, ஆசையாக வைத்த தோட்டத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். நான் ஒன்று ஊகிக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் தோட்டத்தை எட்டிப் பார்ப்பது காலை டிபன் முடிந்து ஒன்பது, ஒன்பதரை மணிக்கு. அதுவும் லீவு நாளில் மட்டும். வைகாசி ஒன்பதரை மணி வெயிலில் மனுஷன் முகத்தையே பார்க்கச் சகிக்காது, ரோஜாவைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

நான் திருச்சிக்காரன். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவதெல்லாம் இங்கே செய்தியே இல்லை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறந்தால் உண்டு, அதுவரை காவிரி பல இடங்களில் மணல்வெளிதான். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு சொல்கிறேன், வருடத்தில் என் தோட்டம் எனக்கு மிகவும் பிடித்திருப்பது இந்த வைகாசிக் கடைசியிலும் ஆனியிலும்தான். ஆனால் காலையில் அல்ல. நம் பக்கத்தில் கோடைக் கடைசித் தோட்டம் என்பது சாயந்திரத் தோட்டம். விடிகாலையில் மொட்டைப் பார்ப்பதைத் தவிர, நாலரை மணிக்கு முன்னால் அதில் உங்களுக்கு வேலையே இல்லை, தண்ணீர் ஊற்றக்கூட.

ஏன் தண்ணீரைச் சொல்கிறேன் என்றால், மத்தியானம் மாடித் தொட்டியிலிருந்து குழாயைத் திறந்தால் வருவது வெந்நீர். அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றிவிட்டு வெயிலில் கருகிவிட்டது என்று சொல்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நான் செய்வது, ஐந்து மணிவாக்கில் முதலில் தரையில் தெளிப்பேன். மண்ணும் சுவரும் ஆவி அடங்கிக் கொஞ்சம் ஆறும். அப்புறம்தான் வேரில் ஊற்றுவேன், இலையில் படாமல். வேரடியில் வேப்பஞ்சருகை ஒரு சாண் கனத்துக்கு மூடாக்காகப் போட்டிருப்பதால் மறுநாள் சாயந்திரம் விரலை விட்டுப் பார்த்தால் அடியில் ஈரம் இருக்கும். தண்ணீர்ப் பஞ்சத்தில் பூச்செடி ஒரு கேடா என்று கீழே கமெண்டில் யாராவது கேட்பார்கள், தெரியும். அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர், இரண்டும் முதலில் செடிக்குத்தான் போகிறது. எதிர்வீட்டில் கார் கழுவ ஓடும் தண்ணீரைப் பற்றி முதலில் பேசிவிட்டு என்னிடம் வாருங்கள்.

சரி, ரசிப்பதற்கு வருகிறேன். எங்கள் வீட்டில் குண்டுமல்லி இரண்டு புதர், ஓரத்தில் அந்திமந்தாரை, படியோரம் தொட்டியில் நிஷாகந்தி, காம்பவுண்டை ஒட்டிக் காகிதப்பூ. இவ்வளவுதான். ரோஜா என்று பார்த்தால் ஒரு பன்னீர் ரோஜா மட்டும், அதுவும் சுவர் நிழலில். பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வருகிற கலர் கலரான ஒட்டு ரோஜாவை வாங்கி வைத்துவிட்டு வைகாசியில் அழுவது என் வழக்கம் இல்லை. அது அந்தக் குளிருக்குப் பழகியது, இங்கே ஐப்பசி முதல் மாசிவரை நன்றாக இருக்கும், வெயிலில் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்பதே பெரிது. அதை வைத்துத் தோட்டத்துக்கு மார்க் போடாதீர்கள்.

மல்லிக்குக் கோடைதான் காலம். உங்கள் வீட்டில் மல்லி இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை, இருக்கும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். விடிகாலையில் போய் மொட்டைப் பாருங்கள். பச்சை கலந்து ஒடுங்கியிருந்தால் அது நாளைக்கு, இல்லை மறுநாளைக்கு. பால்வெள்ளையாக உப்பி, நுனி மட்டும் இறுக்கமாக மூடியிருந்தால் அன்றைக்குச் சாயந்திரம் விரியப்போகிறது. ஊதா நிறம் ஏறியிருந்தால் உள்ளே புழு, கிள்ளி எறிந்துவிடுங்கள், செடியின் கீழேயே போடாதீர்கள். வெள்ளை மொட்டில் பாதியை நான் வெயில் ஏறுவதற்குள் பறித்து ஈரத் துணியில் சுற்றி வைத்துவிடுவேன். மீதியைச் செடியிலேயே விடுவேன். பறிக்காமல் விட்டால் வீண்தானே என்று என் வீட்டம்மாவே கேட்பாள். விட்டதுதான் ராத்திரிக்கு. இருட்டத் தொடங்கும்போது ஒவ்வொன்றாக விரியும், ஏழு மணிக்கு மேல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஃபேனைத் தேடவே தோன்றாது. கரண்ட் போனால் இன்னும் விசேஷம்.

அதற்கு முன்னால் ஒரு காட்சி உண்டு. நாலு, நாலரைக்கே அந்திமந்தாரை விரிந்துவிடும். எங்கள் வீட்டில் ஒரே செடியில் மஞ்சளும் ரோஸும் பூக்கும், சில பூ பாதி மஞ்சள் பாதி ரோஸாகத் தெளித்தது போல இருக்கும். காசு கொடுத்து வாங்கியது கிடையாது. அடியில் கிழங்கு இருப்பதால் கோடை மழை ஒன்று பெய்தால் தானாகத் துளிர்த்துக்கொள்ளும். இருட்டு கவிகிற நேரத்தில் அந்தப் பூவுக்குப் பெரிய அந்துப்பூச்சி ஒன்று வரும். உட்காராது. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று இறக்கையை அடித்துக்கொண்டே, சுருட்டி வைத்திருந்த நீளமான உறிஞ்சுகுழலை நீட்டிக் குழாய் போன்ற பூவுக்குள் விட்டுத் தேன் குடிக்கும். அடுத்த பூவுக்கு நகரும். போனில் படம் எடுக்க முயன்றால் மங்கலாக ஏதோ விழும். சும்மா பாருங்கள், போதும். பூ முடிந்த இடத்தில் மிளகு போலக் கருப்பாக விதை இருக்கும், என் பேத்தி அதை உடைத்து உள்ளே இருக்கும் வெள்ளை மாவை எடுத்து முகப்பவுடர் என்று எனக்குப் பூசிவிடுவாள். வாயில் வைக்கவிடாதீர்கள், விஷத்தன்மை உள்ளது.

நிஷாகந்தி பூக்கிற ராத்திரி எங்கள் தெருவே எங்கள் வீட்டில்தான். இலை மாதிரித் தட்டையாக இருக்கிற தண்டின் ஓரத்திலிருந்து மொட்டு கீழே தொங்கும், பூக்கிற அன்றைக்குக் கழுத்தை நிமிர்த்திக்கொள்ளும், அதுதான் அடையாளம். ஒன்பது, பத்து மணிக்கு விரிந்து விடியும்போது துவண்டுவிடும். பாதிப் பேர் இதைப் பிரம்மகமலம் என்று கும்பிடுகிறார்கள். பிரம்மகமலம் இமயமலையில் பூப்பது, இது அமெரிக்கக் கண்டத்துக் கள்ளி வகை. நான் அதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, அதனால் இப்போதெல்லாம் சொல்வதில்லை. கும்பிடட்டும்.

இப்போது என் ஆதங்கத்தைச் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று நினைப்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிக்கொள்ளலாம்.

நான் சாயந்திரம் திண்ணையில் உட்கார்ந்து வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு பூக் கட்டுவேன். நெருக்கமாகக் கட்டுவேன், என் வீட்டம்மாவைவிட நெருக்கமாக. இதைப் பார்த்துவிட்டு என் சகலை, "என்ன சகலை, ரிட்டயர் ஆகிப் பூக்கட்ட உட்கார்ந்துட்டீங்களா?" என்று நாலு பேர் நடுவில் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். பூக்கடைகளில் போய்ப் பாருங்கள், மாலை கட்டுகிறவர்களில் எத்தனை பேர் ஆண்கள் என்று. காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் வைத்து, பூப்பறித்து, மாலை கட்டிப் பெருமாளுக்குக் கொடுத்தவர் தொண்டரடிப்பொடி ஆழ்வார். இன்றைக்கும் அவர் விக்கிரகத்தைப் பூக்குடலையோடுதான் வைத்திருக்கிறார்கள். அவரைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை. அதே சகலை வீட்டுக் கல்யாணம் இந்த வைகாசியில் நடந்தது. மேடை முழுக்கப் பிளாஸ்டிக் பூ. வாசனைக்கு ஸ்ப்ரே. கேட்டால் முகூர்த்த நாளில் பூ விலை ஏறிவிட்டதாம், டெகரேஷன்காரர் பேக்கேஜில் இதுதான் வருமாம். மேடைக்குப் பக்கத்தில் நின்ற எனக்குத் தும்மல் நிற்கவில்லை. வரத்து கூடி விலை விழுந்தால் பறிகூலிக்கும் கட்டாமல் விவசாயி பூவைக் கொண்டுபோய்க் கொட்டுகிறான், விலை ஏறினால் நாம் பிளாஸ்டிக்குக்குப் போகிறோம். இதில் நான் பூக் கட்டினால் கேலி. சரி, விடுங்கள்.

இல்லை, இன்னொன்றும் இருக்கிறது. வாக்கிங் பூசாரிகள். உங்கள் தெருவிலும் இருப்பார்கள். விடிகாலை ஐந்தரைக்குக் கையில் ஒரு கேரி பேக், நுனியில் கம்பியை வளைத்துக் கட்டிய குச்சி. காம்பவுண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது, உள்ளே இருப்பது என்ற பேதமெல்லாம் கிடையாது. கேட்டால் "சாமிக்குத்தான் சார்". விரிய நாளிருக்கிற பச்சை மொட்டையும் சேர்த்து உருவிக்கொண்டு போவார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். வீட்டில் வந்து கேட்டால் ஒரு கை பூ கொடுக்க மாட்டேனா? உங்கள் தோட்டம் வெறிச்சென்று இருப்பதற்கு வெயில்தான் காரணமா, இவர்களா என்று ஒருநாள் சீக்கிரம் எழுந்து பார்த்துவிடுங்கள். நான் மல்லியை வீட்டுச் சுவர்ப் பக்கம் கொண்டுபோய், காம்பவுண்டு நெடுக முள்ளுள்ள காகிதப்பூவை ஏற்றிவிட்டேன். பூஜைக்கும் ஆகாது, கையை விட்டால் கிழிக்கும். அதற்குத் தண்ணீரும் பெரிதாக வேண்டாம். வேர் பிடித்துவிட்டால், மண் காய்ந்தால்தான் நன்றாகப் பூக்கும். பூ என்று நாம் பார்க்கும் அந்த ரோஸ் கலர் உண்மையில் இலை, நடுவில் ஊசி மாதிரி வெள்ளையாக இருப்பதுதான் பூ. கிட்டப் போய்ப் பாருங்கள்.

காலையிலேயே பார்த்துத்தான் ஆகவேண்டும், எனக்கு ராத்திரி டூட்டி என்று சொன்னால் டேபிள் ரோஸ் வையுங்கள். வெயில் ஏறினால்தான் விரியும், ஒன்பது பத்து மணிக்கு ஜோராக இருக்கும், மத்தியானத்துக்கு மேல் சுருண்டுவிடும். ஒரு தண்டை ஒடித்து நட்டால் போதும். கூடவே நித்தியகல்யாணி, எந்த வெயிலுக்கும் அசராது. மாடுகூடத் தொடாது.

உங்கள் செம்பருத்தியைப் பொறுத்தவரை, மொட்டுக் காம்பிலும் இலை மடிப்பிலும் பஞ்சு ஒட்டினது போல வெள்ளையாக இருக்கிறதா, எறும்பு மேலும் கீழும் போகிறதா என்று பாருங்கள். இருந்தால் மாவுப்பூச்சி. எறும்புதான் அதைச் செடிக்குச் செடி சுமந்துகொண்டு போய் வளர்க்கிறது. குழாயை அழுத்திப் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு வேப்பெண்ணெயில் துளி சோப்புக் கரைசல் கலந்து தண்ணீரில் விட்டு, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். பகலில் தெளித்தால் இலை பொசுங்கும்.

எதையும் இப்போது பிடுங்க வேண்டாம், ஒட்ட வெட்டவும் வேண்டாம். மல்லியில் பூத்து ஓய்ந்த நுனியை மட்டும் கிள்ளிவிட்டால் புதுத் துளிர் வரும், அந்தத் துளிரில்தான் அடுத்த மொட்டு. முழங்கால் உயரத்துக்கு இறக்கிக் கவாத்து செய்வதெல்லாம் கார்த்திகை நடுவில், நவம்பர் கடைசியில். ஆடிக்காற்றில் கிளை முறியும் என்று பயமாக இருந்தால் ஒரு குச்சி ஊன்றிக் கட்டுங்கள். ரோஜாவை நிழலுக்கு நகர்த்திவிட்டு ஐப்பசிவரை அதை மறந்துவிடுங்கள்.

டைல்ஸ்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்கள் என்றால் மாடிப்படிக்குப் போடச் சொல்லுங்கள். வாசலில் போட்டால் பகல் முழுக்கச் சூடு வாங்கி ராத்திரி பத்து மணிவரை கக்கும், அப்புறம் நாற்காலி போட்டு உட்கார இடம் இருக்காது. உங்கள் வீட்டில் மல்லி இல்லையென்றால் ஆடியில் மழை விழுந்ததும் ஒரு பதியன் வாங்கி வையுங்கள். திருச்சிப் பக்கம் வந்தால் நானே தருகிறேன், சாயந்திரம் வாருங்கள்.