ஒரு மாதம் பூட்டிக் கிடந்த ஆர்.ஓ.

கேள்வி: ஒரு மாதம் வெளியூர் போய்த் திரும்பினோம். ஆர்.ஓ. மெஷினில் (தண்ணீர் சுத்திகரிப்பான்) வரும் தண்ணீரில் லேசான வாடை. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைச் சொல்லும் டிடிஎஸ் மீட்டர் வழக்கமாக 40 காட்டும், இப்போது 130. குழாய்த் தண்ணீர் 600. பார்க்க வந்தவர் மெம்பிரேனை (உப்பைத் தடுக்கும் சவ்வு) மாற்றியே ஆக வேண்டும் என்கிறார். போட்டு ஒன்றரை வருடம்தான் ஆகிறது. மாற்றிவிடட்டுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். வந்ததும் பிடித்த முதல் டம்ளரை அளந்தீர்களோ? அப்படியானால் அந்த 130-ஐ நம்ப வேண்டாம். பம்ப் நின்று அழுத்தம் போனதும், உப்பு மெல்ல மெம்பிரேனைக் கடந்து நல்ல தண்ணீர் பக்கம் கசியும். ஒரு ராத்திரி நின்றாலே மறுநாள் முதல் தண்ணீரில் அளவு ஏறியிருக்கும். ஒரு மாதம் என்றால் கேட்கவா வேண்டும்!

டேங்கை முழுக்கக் காலி செய்யுங்கள். ஃபிளஷ் வால்வு இருந்தால் திறந்துவிட்டு 5 நிமிடம் ஓடவிடுங்கள். கழிவுக்குழாயில் தண்ணீர் வேகமாகப் பாய்ந்து மெம்பிரேன் மேல் படிந்ததை அடித்துக்கொண்டு போகும். வால்வை மூடி, டேங்க் நிரம்பியதும் கொட்டுங்கள். இன்னொரு முறையும் அப்படியே. அப்புறம் அளவு பாருங்கள், ஆனால் டேங்க் குழாயில் அல்ல, மெம்பிரேனிலிருந்து வரும் டியூபில். சில மெஷின்களில் சுவைக்காக, மெம்பிரேன் வழியே போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும் திருகு இருக்கும். அது திறந்திருந்தால் பழி மெம்பிரேன் மேல் விழும். உங்கள் 600-க்கு 60-க்குள் வந்தால் மெம்பிரேன் நன்றாகவே இருக்கிறது. 120-ஐத் தாண்டியே நின்றால் வந்தவர் சொன்னது சரி, மாற்றிவிடுங்கள்.

வாடை வேறு விஷயம். கார்பன் ஃபில்டர் குளோரினை எடுத்துவிடுவதால், அதற்கு அப்பால் தேங்கும் தண்ணீரில் கிருமி வளரத் தடையில்லை. கார்பன் ஃபில்டர்களை மாற்றி டேங்கையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதுவரை இந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். டேங்கைச் சுத்தம் செய்யும் பிளீச்சிங் கலவை மட்டும் மெம்பிரேனில் படவே கூடாது. புதுக் கார்பனின் முதல் தண்ணீர் கறுப்பாக வரும், வாளியில் விட்டுவிட்டுப் பிறகு இணைக்கவும். நான் ஒருமுறை அவசரத்தில் நேரே இணைத்து, கரித்தூளைப் புது மெம்பிரேனுக்கே ஊட்டியவன்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஃபிளஷ் செய்து, டேங்கைக் காலி செய்து, வரத்துக் குழாயை அடைத்துவிட்டுப் போங்கள். மெம்பிரேனை வெளியே எடுத்து வைக்காதீர்கள், காய்ந்தால் கெட்டுவிடும்.