பெட்டை பார்க்கும் கூடு

கேள்வி: என் மகள் தனக்கு ஒரு பையனை அவளே பார்த்துவிட்டாள். பறவையோ மிருகமோ, ஜோடியைத் தேர்ந்தெடுப்பது ஆண்தான். பெண் தேடுவது இயற்கைக்கே விரோதம் என்கிறேன். கேட்க மறுக்கிறாள். நீங்களே சொல்லுங்கள். (ஒரு தகப்பன், மேலூர்)

பதில்: ஐயா, உங்கள் ஊர்ப் பக்கம் கிணற்றோரப் பனையில் தூக்கணாங்குருவிக் கூடு தொங்கினால் மழைக்காலத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். கட்டுவது ஆண். உச்சந்தலை மஞ்சளாக மாறிய அந்தக் குருவி, ஓலையையும் நெல் தாளையும் நார் நாராகக் கிழித்து வந்து பின்னும். கவிழ்த்த மணி மாதிரி பாதிக் கூடு ஆனதும், இறக்கையை அடித்துக்கொண்டு அதில் தொங்கியபடி கூப்பிடும். பெட்டை வரும். உள்ளே நுழைந்து பார்க்கும், நாரைக் கொத்தி இழுக்கும், கூடு தொங்கும் இடத்தையும் பார்க்கும். பிடித்தால் தங்கும், பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டுக்குப் போய்விடும். அது சம்மதித்த பிறகுதான் முட்டை அறையும் குழாய் வாசலும் முழுமையாகும். எந்தப் பெட்டைக்கும் பிடிக்காத பாதிக் கூடுகள் காய்ந்து தொங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அழகர்மலை அடிவாரத்தில் தோகை விரிப்பது ஆண் மயில். நின்று பார்ப்பதும், பார்க்காமல் நகர்வதும் பெண் மயில். பெண்ணின் இந்தத் தேர்வைப் பற்றி டார்வின் 1871இல் விரிவாக எழுதினார். பரிணாமத்தில் அவருக்குத் துணை நின்ற வாலஸுக்கே அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

எல்லா இனத்திலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆண்கள் முட்டி மோதி, ஜெயித்தது சேரும் இனங்களும் உண்டு. கண்மாய்களில் வாழும் தாமரைக்கோழியில் பெட்டை முட்டையிட்டுவிட்டு அடுத்த ஜோடியைத் தேடிப் போகும். அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது ஆண்.

சரி, குருவி பெட்டையின் பக்கம் என்பதால் உங்கள் மகள் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அதே தூக்கணாங்குருவி ஆண், ஒரு பெட்டை முட்டையிட்டதும் பக்கத்திலேயே இன்னொரு கூடு கட்டி இன்னொன்றைக் கூப்பிடும். பறவை ஆய்வாளர் சாலிம் அலி 1931லேயே எழுதிய விஷயம் இது. அதையும் இயற்கை என்று நம் வீட்டுக்குள் கொண்டுவர முடியுமா? உங்கள் மகள் தானே முடிவெடுப்பது அவள் வளர்ந்த பெண் என்பதால். அதற்குக் குருவியின் சாட்சி வேண்டாம்.

நீங்கள் மறுப்பதற்கு வேறு காரணம் இருந்தால், சாதியோ வேலையோ வெறும் பயமோ, அதை அவளிடம் நேராகச் சொல்லுங்கள். கடிதம் முழுக்கப் படித்தேன். அந்தப் பையன் எப்படிப்பட்டவன் என்று ஒரு வரிகூட இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லி, உட்கார வைத்துப் பேசுங்கள். அப்புறம் எழுதுங்கள்.