வெள்ளம் நின்ற பழைய வீட்டுக்கு உடனே சீமெந்து பூசலாமா?

கேள்வி: கிளிநொச்சியில் எங்கள் பாட்டனார் 1950களின் இறுதியில் கட்டிய வீட்டுக்குள் கடந்த மாரியில் இரண்டு நாள் முழங்காலளவு வெள்ளம் நின்றது. சிவப்புச் சீமெந்துத் தரை, பூக்கல் (காற்றுத் துவாரமுள்ள அலங்காரக் கல்) பதித்த சுவர், முதிரை மரக் கதவுகள் எல்லாம் அந்தக் காலத்தவை. இப்போது சுவரில் உப்புப் பூக்கிறது. இடுப்பளவுக்குப் பூச்சை உடைத்துச் சீமெந்து பூசி, தரைக்கு டைல்ஸ் பதிக்கலாம் என்கிறார் மேசன். செய்யலாமா?

பதில்: இப்போது வேண்டாம். போரைத் தாண்டி நின்ற இப்படியான வீடுகள் வன்னியில் சொற்பம். இதை அவசரப்பட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.

செங்கல் குடித்த நீர் சுவரின் மேற்பரப்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். பழைய சுண்ணாம்புப் பூச்சு அதற்கு இடம் கொடுக்கும். சீமெந்துப் பூச்சு அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் மேலே ஏறி, புதுப் பூச்சு முடிகிற இடத்துக்கு மேலே உப்பாக வெளிவரும். அடுத்த ஆண்டு தோளளவுக்கு உடைக்கச் சொல்வார்கள். உங்கள் பழைய பூச்சு எதுவென்று அறிய, ஆணியால் சுரண்டிப் பாருங்கள். வெளிறிய பொடியாக எளிதில் உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கடினமாக இருந்தால் சீமெந்து.

ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்பது சுவர் உலர்வதற்கான பழைய கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு எட்டு, ஒன்பது மாதமாகும். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று வீசத் தொடங்கினால் இன்னும் விரைவாக உலரலாம். அந்தக் காற்று உள்ளே வரத்தான் பூக்கல் இருக்கிறது: துவாரங்களில் படிந்த சேற்றை மென்மையான தூரிகையால் எடுத்துவிடுங்கள், அடைக்காதீர்கள். அலுமாரிகளைச் சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி, கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். கழுவினால் கரைந்து மறுபடியும் சுவருக்குள் போய்விடும்.

டைல்ஸ் யோசனையை அடியோடு விடுங்கள். தரைக்குக் கீழே உள்ள ஈரம் மேலே வர வழியில்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பும். அத்துடன், அப்படிச் சிவப்புத் தரை இழைக்கத் தெரிந்த கைகள் இன்று அரிது. மெல்லிய சவர்க்கார நீரால் துடைத்தாலே போதும். முழுதாக உலர்ந்த பிறகு மெழுகு பூசிப் தேங்காய்ப் பொச்சுமட்டையால் தேயுங்கள்.

கதவு இறுகினால் சீவ வேண்டாம். ஊதிய மரம் உலர்ந்ததும் சுருங்கும்; இப்போது சீவினால் கோடையில் இடைவெளி விழும். கழற்றி, நிழலில், சலாகைகள் மேல் கிடையாக வையுங்கள். நிலைகளின் அடியில் கறையான் ஏறுகிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

விறாந்தைத் தூண்களைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். பொள்ளல் ஒலி கேட்டாலோ துருக்கறையுடன் வெடிப்பு இருந்தாலோ உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதியிருக்கலாம். அதைப் பொறியியலாளர் ஒருவர்தான் பார்க்க வேண்டும். தாழ்வான பிளக்குகளுக்கு, மின்னியலாளர் சோதிக்கும்வரை மின்சாரம் கொடுக்காதீர்கள். வளவைத் துப்புரவாக்கும்போதும் கவனம்: புதைந்த வெடிபொருளை வெள்ளம் இடம்பெயர்த்திருக்கலாம். ஐயமான பொருள் எதையும் தொடாமல் பொலிஸுக்கு அறிவியுங்கள்.

ஆவணி வாக்கில் ஓரடிச் சதுரப் பொலித்தீன் தாளின் நான்கு ஓரத்தையும் சுவரில் ஒட்டி, மறுநாள் பாருங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் பொறுங்கள். வியர்க்காவிட்டால், உதிர்ந்த இடங்களில் மட்டும் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூசி, மேலே வெள்ளையடிக்கச் சொல்லுங்கள். எனாமல் பெயின்ட் வேண்டாம்.